கடல் கடந்து கற்போம். ஊர் திரும்பிக் கற்பிப்போம்!

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு துவங்குகிறோம்.

புகழனைத்தும் ஏக இறைவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆண்டுதோறும் இம்மேடையில் தொழுகை, ஜகாத், ஒற்றுமை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது நமது வழக்கம். இவ்வாண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். ஆசிரியராகப் பயிற்சி பெற விரும்பும் நம் பிள்ளைகள் அயல்நாடு சென்று கற்கலாமா, சென்றால் அவர்களது உள்ளமும் பண்பாடும் வளருமா அல்லது தேயுமா என்பதே அப்பொருள். இதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரு தந்தையர் ஆவர்.

இரு தந்தையர், ஒரே கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில் நாம் இமாமத் செய்துகொண்டிருந்த காலம். ஓர் இரவு இஷா தொழுகைக்குப் பின் ஒரு தந்தை, மகனை அழைத்துக்கொண்டு நம் அறைக்கு வந்தார். சிறிய கடை வைத்துப் பிழைப்பவர். மகன் மதரஸாவில் ஓதி ஸனது வாங்கியவர். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையுடன் ஆசிரியப் பயிற்சி பெறும் வாய்ப்பு அந்த இளைஞருக்குக் கிடைத்திருந்தது. "ஹஜ்ரத், பையனை அனுப்பலாமா? நீங்க சொன்னா சரி" என்று அந்தத் தந்தை கேட்டார்.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? எங்கே செல்கிறார், எதைக் கற்கப் போகிறார், யாருடன் தங்குவார், திரும்பி வந்து என்ன செய்ய எண்ணுகிறார் என ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அந்த மண்ணில் ஈமான் தேய்ந்துவிடும், வேண்டாம் பாய்" என்று கூறிவிட்டோம். தந்தை நிம்மதியடைந்தார். மகன் ஒன்றும் பேசாமல் நம் கையைப் பற்றி ஸலாம் கூறிச் சென்றார். நாமும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணி அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

சில ஆண்டுகள் கழிந்து ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அவரை மீண்டும் கண்டோம். ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். ஹலாலான உழைப்பு, அதில் எந்தக் குறையும் இல்லை. மரியாதையோடு அருகில் வந்து நலம் விசாரித்தார். "மக்தப் எப்படி நடக்குது ஹஜ்ரத்?" என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கியவாறு கூறினார்: "சின்னப் பிள்ளைங்களுக்கு அடிக்காம ஓதிக்கொடுக்கிற முறையைப் படிச்சிட்டு வரணும்னுதான் அப்போ ஆசைப்பட்டேன்."

அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. அச்சமயம் நம் மக்தபில் பிரம்பு இருந்தது. அதனை அகற்ற வழி தெரியாத நாம், வழியைக் கற்றுவரச் சென்றவரைத் தடுத்திருக்கிறோம்.

இவ்வாண்டு ரமளானுக்கு முன்பு இம்மஹல்லாவைச் சேர்ந்த மற்றொரு தந்தை வந்து, ஒரு சொல்லும் மாறாமல் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை உடனே பதில் கூற நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு கிதாபுகளைப் புரட்டினோம். அதில் கிடைத்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இருபது இரவுகள் தங்கிய இளைஞர்கள்

'சீனா சென்றேனும் கல்வி தேடுக' என்ற கருத்தை நாம் மேடைதோறும் ஹதீஸ் எனக் கூறி வருகிறோம். அதன் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியுள்ளனர். அதனை விட்டுவிடுவோம். நம் பொருளுக்கு மிகப் பொருத்தமான, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஆதாரபூர்வமான செய்தி ஒன்று இருக்கிறது.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் தம் வயதையொத்த சில இளைஞர்களுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டு மதீனா வந்தார்கள். இருபது இரவுகள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் தங்கிக் கற்றார்கள். பெருமானார் இரக்கமும் மென்மையும் உடையவர்களாக இருந்தார்கள் என்பதை அந்த மாணவரே நினைவுகூர்கிறார். இளைஞர்களுக்குக் குடும்பத்தின் நினைவு வந்துவிட்டதை அண்ணலார் தாமாகவே உணர்ந்து, ஊரில் யாரை விட்டுவந்தீர்கள் என விசாரித்தார்கள். பின்னர், திரும்பிச் சென்று குடும்பத்தாருடன் தங்கி அவர்களுக்குக் கற்பிக்குமாறும், தாம் தொழக் கண்டவாறே தொழுமாறும் பணித்தார்கள்.

அன்பர்களே, இது ஓர் ஆசிரியப் பயிற்சி முகாம் அன்றி வேறென்ன? வீட்டைப் பிரிந்து வந்த இளைஞர்கள், குறித்த காலம், கண்ணால் கண்டு கற்கும் பாடம், பயிற்சியின் முடிவில் ஊர் திரும்பிக் கற்பிக்கும் கடமை ஆகிய எல்லாம் அதில் உள்ளன. கற்பிக்கும் முறையையும் அவர்கள் அங்கேயே கற்றார்கள். பிற்காலத்தில் மாலிக் (ரலி) அவர்கள் பஸராவில், தொழுகை நேரம் அல்லாத வேளையில் மக்கள் முன் நின்று, அண்ணலார் தொழுததைத் தாம் கண்டவாறு காட்டுவதற்காகவே தொழுது காட்டினார்கள் என்பதும் புகாரியில் உள்ளது. சொல்லிக்கொடுத்ததோடு நில்லாமல் செய்து காட்டினார்கள்.

அத்தவ்பா அத்தியாயத்தின் 122ஆவது வசனமும் இதே ஒழுங்கையே வகுக்கிறது. ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒரு பிரிவினர் புறப்பட்டுச் சென்று மார்க்க விளக்கம் பெற வேண்டும். திரும்பி வந்து தம் சமூகத்தாரை எச்சரித்து நேர்வழிப்படுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. போவதும் கடமை, திரும்புவதும் கடமை. நாம் போவதை மட்டும் கண்டு அஞ்சுகிறோம். திரும்பி வருபவருக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோமா என எண்ணிப் பார்ப்பதில்லை.

'அவர்கள் சென்றது மதீனா; நம் பிள்ளைகள் செல்வது பிறர் நாடு' என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக நம்மைப் போன்ற ஓர் இமாமின் வரலாற்றையே கூறுகிறோம்.

பாரிஸ் சென்ற அஸ்ஹர் இமாம்

ரிஃபாஆ தஹ்தாவி (ரஹ்) அவர்கள் 1801ஆம் ஆண்டு எகிப்தின் தென்பகுதியில் தஹ்தா எனும் ஊரில் பிறந்தார்கள். ஆலிம்கள் நிறைந்த குடும்பம். ஆயினும் வருமானத்தை இழந்து வறுமையுற்ற குடும்பம். 1817இல் கெய்ரோ சென்று அல்அஸ்ஹரில் ஓதினார்கள். ஓதி முடித்து அங்கேயே சில காலம் ஓதியும் கொடுத்தார்கள். பின்னர் படைப்பிரிவு ஒன்றில் இமாமாகப் பணியாற்றினார்கள்.

அவர்களின் உஸ்தாத் ஷைகு ஹஸன் அல்அத்தார் (ரஹ்) அவர்கள். 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது உடன்வந்த பிரெஞ்சு அறிஞர்களை நேரில் சந்தித்து, அவர்களின் அறிவியல் கருவிகளையும் நூல்களையும் கண்டவர்கள். படையெடுத்து வந்தவரின் கொடுமை வேறு, அவர்களிடமிருந்த அறிவு வேறு எனப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பேராசான். பிற்காலத்தில் அஸ்ஹரின் தலைமைப் பொறுப்பான ஷைகுல் அஸ்ஹர் பதவியையும் வகித்தார்கள்.

1826இல் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலீ பாஷா, நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பிரான்ஸுக்குக் கல்வி கற்க அனுப்பினார். அவர்களுக்குத் தொழுவிக்கவும் மார்க்கம் கூறவும் ஓர் இமாம் தேவைப்பட்டபோது, அத்தார் அவர்கள் தம் மாணவர் ரிஃபாஆவைப் பரிந்துரைத்தார்கள். புறப்படும் முன் ஒரு கட்டளையும் இட்டார்கள்: போகும் வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் காண்பவற்றையெல்லாம் எழுதி வை, பின்னர் வருவோருக்குப் பயன்படும் என்பது அதன் சாரம். உஸ்தாத் அவரைப் போகாதே எனத் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போ எனவும் கூறவில்லை. கண்ணைத் திறந்து பார், கண்டதை எழுது என்றார்கள். அன்று மாணவரின் வயது 24.

கண்ணாடியில் கண்ட முகம்

கப்பல் மார்ஸேல் துறைமுகத்தை அடைந்தது. நோய்த்தடுப்புக்காக அனைவரும் ஓரிடத்தில் தனித்துத் தங்கவைக்கப்பட்டனர். தரையில் விரிப்பில் அமர்ந்து பழகியவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாற்காலிகள் கொண்டுவரப்பட்டன. ஒரே தாலத்தில் கூடி உண்டவர்களுக்கு ஆளுக்கொரு தட்டும், கத்தியும், முள்கரண்டியும், குவளையும் வைக்கப்பட்டன. இவற்றையெல்லாம் ரிஃபாஆ அவர்கள் இகழாமலும் வியந்து மயங்காமலும், இவர்கள் வழக்கம் இது எனப் பொறுமையாக எழுதியுள்ளார்கள்.

அந்நகரில் ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்தபோது, உள்ளே பெருந்தெரு ஒன்றில் கணக்கற்ற மக்கள் நடமாடுவதாக அவர்களுக்குத் தோன்றியதாம். சற்று நேரத்தில், சுவரெங்கும் பதித்த கண்ணாடிகளில் தங்கள் உருவங்களும் தெரியக் கண்ட பின்னரே அது தெருவன்று, அடைத்த கூடம் என்பது விளங்கியதாம்.

இச்செய்தியைப் படித்தபோது நாம் சிறிது நேரம் கிதாபை மூடி வைத்துவிட்டோம். ஒரு முஃமின் மற்றொரு முஃமினுக்குக் கண்ணாடி என்பது நபிமொழியின் கருத்தல்லவா? அயல்நாடும் ஒரு வகையில் கண்ணாடியே. முதல் பார்வையில் அங்குள்ள கூட்டமும் ஒளியும் கண்ணில் படும். பொறுமையாக நோக்கினால் நம் உருவம் தெரியத் துவங்கும். நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஊரிலேயே இருந்திருந்தால் நாம் கண்டிருக்க மாட்டோம்.

கூடிக் குழுமியதால் வந்த குறை

பாரிஸில் மாணவர்கள் அனைவரும் முதலில் ஒரே இல்லத்தில் தங்கினர். அனுமதியின்றி வெளியே செல்ல இயலாது. விளைவு என்ன? காலையும் மாலையும் தமக்குள்ளேயே தம் மொழியைப் பேசிக்கொண்டிருந்தனர். பிரெஞ்சு மொழி நாவில் ஏறவில்லை. ஆகவே அவர்களைப் பிரித்து, வெவ்வேறு விடுதிப் பள்ளிகளில் பிரெஞ்சு மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் தங்கவைத்தனர். அதன் பின்னரே படிப்பு முன்னேறியது.

இளைஞர்களே, இதனைக் கவனியுங்கள். அயல்நாடு சென்றும் ஓர் அறைக்குள் நம்மூர்க்காரர் நால்வருடன் கூடி, நம்மூர்ச் சமையலும் நம்மூர்ப் பேச்சுமாக மூன்றாண்டைக் கழித்துத் திரும்புவோர் உண்டு. அவர்களின் உடல் கடல் கடந்தது; உள்ளம் வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஹலாலான உணவும் ஜமாஅத் தொழுகையும் பேணப்பட வேண்டும்; அதில் சமரசம் இல்லை. ஆனால் அவற்றைப் பேணுவதும் பிறரோடு பழகாமல் ஒதுங்குவதும் ஒன்றல்ல. மனிதரைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது இறைமறை தரும் விளக்கமாகும்.

ரிஃபாஆ அவர்கள் இமாமாகச் சென்றவர்கள். தொழுவித்துவிட்டு அறையில் அமர்ந்திருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆனால் ஓதிக்கொடுத்தவரே மீண்டும் அலிஃப், பே படிக்கும் பிள்ளையைப் போல் புதுமொழியின் எழுத்துக்களிலிருந்து தொடங்கினார்கள். தமக்குக் கிடைத்த உதவித்தொகையிலிருந்து நூல்கள் வாங்கினார்கள். தனி ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார்கள். இரவு பகலாகப் படித்ததில் இடது கண்ணின் பார்வை தளர்ந்தது. இரவில் படிக்கலாகாது என மருத்துவர் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை. மருத்துவர் சொல்லைத் தட்டுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. அந்த வேட்கையைக் கூறுகிறோம்.

பிறமொழி கற்பது மார்க்கத்திற்கு முரண் எனக் கருதும் பெரியோர் இன்றும் சிலர் உள்ளனர். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பெருமானாரே பணித்ததும், அவர்கள் அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எழுதியதைக் காட்டும் பணிவு

பாரிஸில் ஸில்வஸ்தர் தெ ஸாஸி எனும் பேரறிஞர் இருந்தார். அரபு இலக்கணத்தில் கரைகண்டவர். ஆனால் அரபு மொழியை இயல்பாகப் பேச இயலாதவர். அரபியர் அல்லாதார் அரபு மொழியின் நுட்பங்களை அறிவது அரிது என்னும் எண்ணம் அஸ்ஹரில் ஓதிய எவருக்கும் இருப்பதே. தெ ஸாஸியைக் கண்டபின் ரிஃபாஆ அவர்கள் அவ்வறிஞரின் புலமையை மனமார ஒப்புக்கொண்டு எழுதினார்கள். தம் மொழியைப் பற்றியே பிறரிடம் கற்க முடியும் என ஏற்றுக்கொள்வதற்கு எவ்வளவு பெரிய உள்ளம் வேண்டும்!

இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். பிரெஞ்சு மக்களைப் பற்றித் தாம் எழுதிய நூலின் பிரதியை அச்சிடும் முன்பே அந்தப் பிரெஞ்சு அறிஞரிடமே காட்டினார்கள். அவர் பாராட்டியதோடு, பாரிஸ் முதலான பெருநகரத்தாரைக் கண்டு பிரெஞ்சு மக்கள் அனைவரும் இத்தகையோர் எனக் கூறிய இடங்கள் உண்டு எனக் குறையும் சுட்டினார். ரிஃபாஆ அவர்கள் அக்கடிதத்தை மறைக்கவில்லை. தம் நூலிலேயே சேர்த்தார்கள்.

நாம் எத்தனை முறை, ஓர் அயல்நாட்டில் பத்து நாள் தங்கியவர் கூறியதைக் கேட்டு, அந்நாட்டார் அனைவரும் இப்படி என மேடையில் முழங்கியிருக்கிறோம்! ஆசிரியராகப் போகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுவே. வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையைக் கண்டு, 'இந்தத் தெருப் பிள்ளைகளே இப்படித்தான்' எனக் கூறும் ஆசிரியரும் அதே தவற்றைத்தான் செய்கிறார்.

எதை ஏற்பது, எதை விடுவது?

பிரான்ஸில் கண்டவற்றில் எதனை ரிஃபாஆ அவர்கள் ஏற்றார்கள்? தூய்மையை, நேரம் பேணுதலை, எளிய மக்களும் எழுதப் படிக்க அறிந்திருப்பதை, நூலகங்களை, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கையைப் பாராட்டினார்கள். அந்நாட்டின் அரசியல் சாசனத்தையே அரபியில் பெயர்த்து விளக்கம் எழுதினார்கள். அவர்கள் சுதந்திரம் எனக் கூறுவது, நம்மிடம் நீதி, நேர்மை எனக் கூறப்படுவதே என விளக்கினார்கள். புதிய கருத்தைத் தம் மக்களுக்குத் தெரிந்த சொல்லால் புரியவைத்த இந்த ஆற்றல், நல்லாசிரியருக்குரிய ஆற்றலாகும்.

எதனை ஏற்கவில்லை? பகுத்தறிவு ஒன்றே போதும் என இறைச்செய்தியைப் புறக்கணிக்கும் போக்கை ஏற்கவில்லை. அவர்களின் தத்துவ நூல்களைப் படிக்க விரும்புவோர் முதலில் குர்ஆனிலும் ஸுன்னாவிலும் உறுதியான அறிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் தடுமாறுவர் என எச்சரித்தார்கள். 1830 ஜூலையில் பிரெஞ்சுப் படை அல்ஜீயர்ஸைக் கைப்பற்றியபோது பாரிஸில்தான் இருந்தார்கள். அதனைக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்கள் மீது பெற்ற வெற்றியாகப் பாரிஸின் தலைமைப் பாதிரியார் கொண்டாடியதையும், உண்மையில் அப்போர் அரசியலாலும் பணத் தகராறாலும் எழுந்தது என்பதையும் பதிவு செய்தார்கள். அம்மாத இறுதியிலேயே மக்கள் புரட்சியில் அந்நாட்டு மன்னர் ஆட்சியை இழந்ததையும் நேரில் கண்டு எழுதினார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிய அதே எழுதுகோல், கண்டிக்க வேண்டியதையும் கண்டித்தது.

ஆக, ஐந்தாண்டுகள் பாரிஸில் இருந்தும் அவர்களது ஈமான் தேயவில்லை. காரணம், வேர் ஊன்றிய பின்னரே அவர்கள் சென்றார்கள். ஆழமாக வேரூன்றிய மரத்தைக் காற்று அசைக்கும், சாய்க்காது.

திரும்பிய பின்

1831இல் கெய்ரோ திரும்பினார்கள். உஸ்தாதின் கட்டளைப்படி எழுதிய நூல், 'தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்' என்னும் பெயரில் 1834இல் பூலாக் அச்சகத்தில் வெளிவந்தது. 1835இல் மொழிபெயர்ப்புக்கான கல்விக்கூடம் துவங்கப்பட்டது. அதுவே மத்ரஸத்துல் அல்ஸுன் எனும் மொழிகள் கல்விக்கூடமாக வளர்ந்தது. ரிஃபாஆ அவர்கள் அதன் தலைவராக இருந்து ஒரு தலைமுறை மொழிபெயர்ப்பாளர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கினார்கள். அப்பெயர் இன்றும் கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரியாக நிலைத்திருக்கிறது.

சோதனையும் வந்தது. பின்னர் ஆட்சிக்கு வந்த அப்பாஸ் பாஷா காலத்தில் அக்கல்விக்கூடம் மூடப்பட்டது. 1850இல் ரிஃபாஆ அவர்கள் சூடானின் கார்ட்டூம் நகருக்கு அனுப்பப்பட்டார்கள். என்ன பொறுப்பு தெரியுமா? ஒரு தொடக்கப் பள்ளி! உயர்கல்விக்கூடத்தின் தலைவருக்குப் பெயரளவில் பதவி, உண்மையில் நாடுகடத்தல். உடன்சென்ற ஆசிரியர்களில் பலர் அங்கே இறந்தனர். அவர்களோ அந்த வேதனையிலும் பிரெஞ்சு நூல் ஒன்றை அரபியில் பெயர்த்தார்கள். 1854இல் ஆட்சி மாறிய பின்னரே கெய்ரோ திரும்ப முடிந்தது.

வாழ்வின் இறுதிக் காலத்தில், 1872இல், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்குமான 'அல்முர்ஷிதுல் அமீன்' எனும் கல்வி வழிகாட்டி நூலை வெளியிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கும் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என அதில் வலியுறுத்தினார்கள். 1873இல் இறையடி சேர்ந்தார்கள். எகிப்தில் பெண்பிள்ளைகளுக்கான முதல் அரசுப் பள்ளி கெய்ரோவில் துவங்கியதும் அதே ஆண்டிலேயாகும்.

ஒருவர் அயல்நாட்டில் வளர்ந்தாரா என்பதற்கு அவர் அணியும் உடையோ, பேசும் மொழியோ அளவுகோல் அன்று. திரும்பி வந்து எத்தனை பிள்ளைகளின் கண்களைத் திறந்தார் என்பதே அளவுகோல். ரிஃபாஆ அவர்கள் பாரிஸில் பெற்ற வளர்ச்சியை நாம் கெய்ரோவிலும் கார்ட்டூமிலும்தான் காண்கிறோம்.

நமது கடமைகள்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பயிற்சிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு நான்கு வேண்டுகோள்கள். ஒன்று, மார்க்கத்தின் அடிப்படையை இங்கேயே முறையாகக் கற்று, தொழுகையைப் பழக்கமாக்கிக்கொண்டு புறப்படுங்கள். இரண்டு, சென்ற இடத்தில் ஒதுங்கி வாழாதீர்கள். அங்குள்ள ஆசிரியர் ஒரு பிள்ளையின் பிழையை எப்படித் திருத்துகிறார், பேசாத பிள்ளையை எப்படிப் பேசவைக்கிறார் என உற்றுப் பாருங்கள். மூன்று, கண்டதை அன்றன்றே எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், அல்லதையும் எழுதுங்கள். நான்கு, திரும்பி வாருங்கள். குடும்பச் சூழலால் அங்கேயே தங்க நேர்ந்தால், விடுமுறையிலாவது வந்து நம் மக்தப் உஸ்தாதுகளுடன் அமர்ந்து கற்றதைப் பகிருங்கள்.

பெற்றோர்களே! பயந்து தடுக்கவும் வேண்டாம். பெருமைக்காக அனுப்பவும் வேண்டாம். அண்ணலார் (ஸல்) அவர்கள் இளைஞர்களின் ஏக்கத்தைத் தாமாகவே உணர்ந்தார்கள். தொலைவில் இருக்கும் பிள்ளை நன்றாக இருப்பதாகக் கூறினாலும், குரலைக் கேட்டு உள்ளத்தை அறிய முயலுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன், இன்று என்ன கற்றாய் எனக் கேளுங்கள்.

ஜமாஅத்தார்களே! ஊரில் யாரை விட்டுவந்தீர்கள் எனப் பெருமானார் விசாரித்தார்கள் அல்லவா? பயிற்சிக்குச் சென்ற பிள்ளையின் வயதான பெற்றோரை விசாரிப்பது நமது பொறுப்பு. பைத்துல்மாலிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கென ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குமாறு நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதனினும் முக்கியமாக, கற்றுத் திரும்புபவருக்கு மக்தபில் ஒரு வகுப்பையும், அவர் கூற வருவதைக் கேட்கும் செவியையும் கொடுங்கள். 'நேற்று வந்த பையன் நமக்குச் சொல்வதா?' என்னும் ஒரு சொல், ஐந்தாண்டுப் படிப்பை ஒரே நாளில் கார்ட்டூமுக்கு அனுப்பிவிடும்.

இறுதியாக இமாமாகிய நமது கடமை. ஒரு வாரத் தவணை முடிந்ததும் இம்மஹல்லாத் தந்தையிடம், முன்பு கேட்கத் தவறிய கேள்விகள் அனைத்தையும் கேட்டோம். மகனையும் அருகில் அமர்த்தி அவரது விருப்பத்தைக் கேட்டோம். கேட்ட பின்பு, அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து அனுப்புங்கள் எனக் கூறினோம். புறப்படும்போது அப்பிள்ளையின் கையில் நாம் கொடுத்தது ஒரு குறிப்பேடு. உஸ்தாத் அத்தார் அவர்கள் கூறியதையே நாமும் கூறினோம்.

பிறகு, ஜவுளிக்கடையில் பணிபுரியும் அந்த முதல் இளைஞரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அன்று விசாரிக்காமல் கூறியது நமது பிழை என ஒப்புக்கொண்டோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "அது என் நஸீபு ஹஜ்ரத்" என்று மட்டும் கூறினார். நஸீபு அல்லாஹ்வின் நாட்டம்தான். ஆனால் நம் அறியாமைக்கு அதனைத் திரையாக்கிக்கொள்ள நாம் விரும்பவில்லை. அவருக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். அவளை ஆசிரியையாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இன்ஷா அல்லாஹ், அவர் ஒரு நாள் அக்கேள்வியோடு ஓர் இமாமிடம் செல்வார். அன்று அவருக்குக் கிடைக்கும் பதில், பயத்திலிருந்து அல்லாமல் அறிவிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும் என்பதே நமது பிரார்த்தனை.

நம் மக்தபிலிருந்து பிரம்பு அகற்றப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் என்ன வைப்பது என்பதைக் கற்றுவர ஒரு பிள்ளை கடல் கடந்திருக்கிறார். அவரைக் காத்து, அறிவும் ஈமானும் ஒருங்கே வளரச் செய்து, நலமுடன் ஊர் திரும்பச் செய்ய வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! இரக்கமும் மென்மையும் கொண்டு கற்பிக்கும் பாக்கியத்தை நம் உஸ்தாதுகள் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.